கை நிற்காத புத்தகம்

தையல் கூடத்தில் எண்பத்து நான்கு மிஷின்கள். ஒரு நாற்காலி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் ரேடியோக்கா என்று கூப்பிட்டார்கள்.

அவளுடைய வேலை காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மைக்கில் புத்தகம் வாசிப்பது. மற்றவர்கள் சட்டை தைத்துக்கொண்டே கேட்பார்கள். முதலாளியின் அப்பா தொடங்கி வைத்த வழக்கம் அது. இத்தனை பெண்களின் வாயை மூட அவருக்குத் தெரிந்த ஒரே வழி காதைத் திறப்பதுதான். அப்பா போய் மகன் வந்ததும், இதற்கு ஒரு ரேடியோப் பெட்டி போதாதா என்று கேட்டார். கூடம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு பேச்சு முடிவாகியது. சோதனையில் தேறும் சட்டைகளின் எண்ணிக்கை குறையாதவரை வாசிப்பு நடக்கும். குறைந்தால் பெட்டி வரும்.

பெட்டி வந்தால் ரேடியோக்காவுக்கு அந்தக் கட்டிடத்தில் வேறு வேலை கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மிஷின் ஊசி அவளுடைய வலது ஆள்காட்டி விரலுக்குள் போய் முறிந்தது. விரல் இருக்கிறது, மடங்காது. துணியைப் பிடிக்க முடியாது, இஸ்திரிப் பெட்டியைத் தூக்க முடியாது. பக்கம் திருப்பலாம்.

நன்றாக வாசிப்பாள். அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு. துப்பறியும் கதை வாசித்தால் கூடத்தில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகும்போது பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள். வாசிப்பது பிடிக்காவிட்டால் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. பெடலை அழுத்தி மிதிப்பார்கள். மிஷின் சத்தம் எழுந்து அவள் குரலை முழுங்கும். அவள் புரிந்துகொண்டு புத்தகத்தை மாற்றுவாள்.

எல்லாம் கெட்டது ஒரு கேள்வியால். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி சாப்பாட்டு அறையில் கேட்டாள்.

"பழைய பாலத்தை யாருங்க உடைச்சது?"

போர் முடிந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கேட்டவளுக்கு வயது இருபது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் துறைமுகம். இரண்டு பக்கமும் ஏழு வருஷம் அடித்துக்கொண்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் எதுவும் அவள் வீட்டில் பேசியதில்லை. அவளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு பதில் கிடைத்தது. காலர் வரிசையில் வேலை பார்க்கும் ரேடியோக்காவின் மலைப்பக்கத்து நாத்தனார், துறைமுகக்காரர்கள் என்றாள். துறைமுகப் பக்கத்திலிருந்து வந்து பொத்தானுக்குக் காஜா போடும் காஜாக்கா, மலைக்காரர்கள் என்றாள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த மரியாதை தட்டைக் கழுவும் வரைகூடத் தாங்கவில்லை.

மறுநாள் காலர் வரிசை காஜா வரிசையோடு பேசவில்லை. கட்டுகளைக் கையில் கொடுக்காமல் மேசையில் எறிந்தார்கள். எந்தக் கட்டு எந்த அளவு என்று சொல்லவும் இல்லை. பெரிய உடம்புக்குச் சின்னக் கழுத்து ஏறியது. மூன்று நாளில் எழுநூறு சட்டைகள் திரும்பி வந்தன. முதலாளி சூப்பர்வைசரைக் கூப்பிட்டுப் பத்து நாள் தவணை சொன்னார். அதற்குள் கூடம் சரியாகாவிட்டால் மைக்கை எடுத்துவிட்டுப் பெட்டியை வைக்கலாம். இவர்களுக்குக் காதில் ஏதாவது இரைச்சல் இருந்தால் போதும் என்றார்.

சூப்பர்வைசர் நல்ல பையன். கூட்டம் போட்டான். நாத்தனார் எழுந்து, பாலத்தைப் பற்றிப் புத்தகம் இருக்குமே, அதை வாசிக்கட்டும் என்றாள். காஜாக்கா, புத்தகம் நடுநிலையாக இருக்க வேண்டும் என்றாள். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, தூக்கம் வராமல் இருக்க வேண்டும் என்றாள். சூப்பர்வைசர், கை நிற்கக் கூடாது என்றான். பிறகு எல்லோரும் நாற்காலியைப் பார்த்தார்கள்.

ரேடியோக்கா துறைமுகப் பக்கம் பிறந்து மலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அதனால் இரண்டு பக்கமும் அவளை நம்பியது என்று சொல்ல ஆசைதான். இரண்டு பக்கமும் சந்தேகப்பட்டது என்பதே உண்மை.

நூலகத்தில் போருக்கு என்று தனி அலமாரி இருந்தது. மேல் தட்டில் மலைப்பக்கத்துப் புத்தகங்கள், கீழ்த் தட்டில் துறைமுகத்துப் புத்தகங்கள். நடுத் தட்டில் ஒரு பூந்தொட்டி. நடுவில் ஒன்றும் இல்லையா என்று கேட்டதற்கு நூலகக்காரி, அது பிளாஸ்டிக் பூதான், தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்றாள்.

ரேடியோக்கா மேலேயிருந்து ஒன்று, கீழேயிருந்து ஒன்று எடுத்துக்கொண்டாள். ஆளுக்குக் கால் மணி நேரம். மாற்றி மாற்றி வாசித்தால் நடுநிலை தானாக வந்துவிடும் என்று நினைத்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

முதல் கால் மணியில் துறைமுகப் பெண்கள் பெடலை மிதித்தார்கள். அடுத்த கால் மணியில் மலைப் பெண்கள் மிதித்தார்கள். வாசிப்பு நடந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு பக்கமும் தன் கதையை மட்டும், அதுவும் எதிரியின் இரைச்சலுக்கு நடுவே கேட்டது. பதினோரு ஊசி உடைந்தது. தைத்த சட்டை கூடியது, தேறிய சட்டை குறைந்தது.

சாப்பாட்டு வேளையில் காஜாக்கா வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"எங்க ஆளுங்க சாகறப்ப மட்டும் உனக்கு இருமல் வருது."

"எனக்கு ரெண்டு நாளா சளி."

"சளிக்கு எந்தப் பக்கம்னு தெரிஞ்சிருக்கு."

மாலையில் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊர் எரியும் இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாயே அண்ணி, அப்படி என்ன தாகம் என்று கேட்டாள். மறுநாள் ரேடியோக்கா இருமலை அடக்கினாள், தண்ணீரைத் தொடவில்லை. காஜா வரிசையில் ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, மலைக்குப் பதினாறு நிமிடம், துறைமுகத்துக்குப் பதினான்கு என்று கண்டுபிடித்தாள். மூன்றாம் நாள் அந்தப் புதியவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, இரண்டு புத்தகத்திலும் செத்தவர்களைக் கூட்டினால் சரியான கணக்கு வருமா என்று கேட்டாள். வராது. சந்தைத் தெருவில் செத்த தொண்ணூறு பேரை இரண்டு புத்தகமும் தன் ஆட்கள் என்று எழுதியிருந்தது.

மூன்று நாள் போயிற்று.

நூலகக்காரிக்கு மனம் இளகியதோ, இவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததோ, அலுவலக அறைக்குள்ளிருந்து ஒரு பெரிய புத்தகத்தைக் கொண்டு வந்து கொடுத்தாள். பேராசிரியர் எழுதியது. அதில் குறை சொல்ல முடியாது என்றாள். உண்மைதான். ரேடியோக்கா இரண்டு நாள் வாசித்தாள். ஒருவரும் குறை சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை. ஒரு வாக்கியம் தொடங்கி முடிவதற்குள் சட்டையின் ஒரு கை முழுதாகத் தைத்து முடிந்தது. வாக்கியத்தின் நடுவில் இன்னொரு வாக்கியம் வந்து உட்காரும். அது எழுந்து போவதற்குள் முதல் வாக்கியத்துக்கு எழுவாய் எது என்று வாசிப்பவளுக்கே மறந்துவிடும். அடிக்குறிப்புகளை வாசிப்பதா விடுவதா என்று தெரியாமல் முதல் நாள் வாசித்தாள். இரண்டாம் நாள் விட்டாள். வித்தியாசம் தெரியவில்லை.

சட்டைகள் மட்டும் மளமளவென்று தேறின. சூப்பர்வைசர் பலகையில் எண்ணை எழுதிவிட்டு நாற்காலியருகே வந்து, இதையே வைத்துக்கொள்ளலாமே அக்கா, அருமையான புத்தகம் என்றான். நாத்தனார் நூலைப் பல்லால் கடித்தபடி கேட்டாள்.

"இதுல போர் எப்ப அண்ணி வரும்?"

நூற்று எண்பதாம் பக்கத்தில் வரும் என்று ரேடியோக்கா சொன்னாள். அதுவரை வட்டிவிகிதம். பின்வரிசையில் ஒருத்தி தூங்கிப்போய், துணியோடு தன் முந்தானையையும் சேர்த்துத் தைத்திருந்தாள். சிரிப்புக்கூட வரவில்லை. புத்தகம் வேண்டாம் என்று அன்று மாலையே இரண்டு வரிசையும் சொல்லிவிட்டது. ஒரு வாரத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

அடுத்தது வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதி, இந்த மொழிக்கு வந்த புத்தகம். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் அவளுடைய கணவர் யாரிடமோ இரவல் வாங்கி வந்தார். விறுவிறுப்பாகப் போயிற்று. முதல் நாள் கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆனால் ஆசாமி பாதி ஊரைப் பார்க்காமலே எழுதியிருந்தார். தண்டவாளமே இல்லாத ஊருக்கு ரயிலில் போய் இறங்கினார். கிழக்கே போகும் ஆற்றை மேற்கே ஓடவிட்டார். இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தார்கள். காஜாக்கா சிரித்ததைப் பார்த்து நாத்தனாரும் சிரித்தாள். ரேடியோக்காவுக்கு மூச்சு வந்தது. தப்பான புத்தகம்தான், இருந்தால் இருக்கட்டும், ஆளுக்கு ஆள் முகம் பார்க்கிறார்களே என்று நினைத்தாள்.

மறுநாள் ஐம்பத்திரண்டாம் பக்கம் வந்தது. மலை மக்கள் பிறவியிலேயே முன்கோபிகள், துறைமுக மக்கள் பிறவியிலேயே பொய்யர்கள், ஆகவே போர் தவிர்க்க முடியாதது என்று எழுதியிருந்தார். வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. எண்பத்து நான்கு பெடலும் ஒன்றாக இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"நடுநிலையாத்தான் இருக்கு," என்றாள் நாத்தனார் பிறகு. "ரெண்டு பேரையும் சமமா செருப்பால அடிச்சிருக்கான். தேடிப் பிடிச்சு இதைத்தான் கொண்டு வந்தியா? இல்ல, உன் மனசுல இருக்கறதும் இதுதானா?"

ரேடியோக்கா புத்தகத்தைப் பைக்குள் தள்ளினாள். பதில் சொல்லியிருந்தால் நாத்தனார் கொதித்து எழுந்திருப்பாள், மலைக்காரர்களைப் பற்றி அந்த ஆள் எழுதியது உண்மை என்று ஆகியிருக்கும்.

ஏழு நாள் முடிந்தது. மறுநாள் விடுமுறை. அவள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய புத்தகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பாடப் புத்தகங்களை அடுக்கிச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். போரைப் பற்றி ஒரு நடுநிலையான புத்தகம் வேண்டும் என்றாள். எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்றார் அவர். கேட்டுவிட்டுப் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறப்பார்கள். சொல்லடைவில் தன் ஊரைத் தேடுவார்கள். தன் ஊரைப் பற்றித் தனக்குத் தெரிந்தது இருந்தால் நடுநிலை. இல்லாவிட்டால் புத்தகம் மேசைக்குத் திரும்பிவிடும்.

"நீங்க எந்த ஊர்னு சொல்லுங்க. அதுக்குத் தகுந்தாப்புல எடுத்துத் தரேன்."

ரேடியோக்கா அடக்கி வைத்திருந்ததெல்லாம் அங்கே வெளியே வந்தது. இருமல், தண்ணீர், பதினாறு நிமிடம், பதினான்கு நிமிடம், வட்டிவிகிதம், மேற்கே ஓடிய ஆறு என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரு போரைப் பற்றி ஒழுங்காக ஒரு புத்தகம் எழுத இந்த நாட்டில் ஒரு ஆள் கூடவா இல்லை என்று கேட்டாள். ஏழு வருஷம் வெட்டிக்கொள்ள நேரம் இருந்தது, உட்கார்ந்து நாலு வார்த்தை நேராக எழுத நேரம் இல்லையா என்று கேட்டாள். கடைக்காரர் அந்தக் குற்றத்தில் தனக்கும் பங்கு இருப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஏணியைப் போட்டு ஏறினார்.

அவர் இறக்கிய புத்தகம் மெலிதாக இருந்தது. அட்டையில் படம் இல்லை. எழுதியவள் மாவட்டப் புள்ளிவிவர அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். பன்னிரண்டு வருஷம் இரண்டு பக்கமும் நடந்து, ஆஸ்பத்திரிப் பதிவேடு, மாவு வாங்கிய பதிவேடு, கல்லறைப் பதிவேடு எல்லாவற்றையும் பார்த்து எழுதியிருந்தாள். அச்சடித்து ஆறு வருஷம் ஆகிறது. பதினைந்து பிரதி வாங்கி வைத்தேன், பதினான்கு இருக்கிறது என்றார் கடைக்காரர். ஏன் போகவில்லை என்று கேட்டாள். மலைக்காரர்கள் வாங்கவில்லை, துறைமுகக்காரர்களும் வாங்கவில்லை என்றார்.

அவள் நின்றபடியே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள். அவளுக்கு அதுதான் வழக்கம். கண்ணுக்கு நன்றாக இருப்பது நாக்கில் இடறும். இது இடறவில்லை. சின்னச் சின்ன வாக்கியம். தெரிந்ததைத் தெரியும் என்று எழுதியிருந்தாள். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று போனாள். நிமிர்ந்தபோது கடைக்காரர் கயிற்றின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். கட்டு பாதியில் அவிழ்ந்து கிடந்தது.

ரேடியோக்கா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். ஒன்பது வருஷம் கூடத்தில் உட்கார்ந்தவளுக்கு நின்றுபோன அந்தக் கையைப் பார்த்ததும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை நேராகப் பாலத்தின் அத்தியாயத்தைத் திறந்தாள். கேள்வி அங்கே தொடங்கியது, பதிலும் அங்கேயே தொடங்கட்டும்.

புத்தகம் சொன்னது இது. மே மாதம் ஒன்பதாம் தேதி காலை பாலத்தின் மேல் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். தூண்களுக்கு அடியில் குண்டு வைத்தது மலைப்பக்கப் படை. அது பிப்ரவரியில். அதை வெடிக்கவைத்தது துறைமுகப் படை. அது மே மாதத்தில். வைத்தவர்கள் எடுக்காமல் போனார்கள். வெடிக்கவைத்தவர்கள் பாலத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை. தங்களால்தான் உடைந்தது என்று இரண்டு படையும் அந்த வாரம் வெற்றி அறிக்கை விட்டது. நாற்பத்தொரு பேரைப் பற்றிய செய்தி வந்ததும் இரண்டு படையும் அறிக்கையைத் திரும்பப் பெற்றது.

மிஷின்கள் ஒவ்வொன்றாகத் தணிவதை அவள் கேட்டாள். நல்ல வாசிப்புக்குக் கூடம் அப்படித்தான் தணியும். அவள் குரலை இறக்கினாள். எங்கே நிறுத்தினால் அடுத்த சொல் கனக்கும் என்று அவளுக்குத் தெரியும். நிறுத்தினாள்.

"முப்பத்தெட்டுப் பேரின் பெயர் தெரியும். மூன்று பேரின் பெயர் தெரியவில்லை. அவர்களைத் தேடி யாரும் வரவில்லை. தேடி வரவேண்டியவர்களும் அதே பாலத்தில் இருந்திருக்கலாம்."

கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. அவள் நிமிர்ந்தாள். எண்பத்து நான்கு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனாரின் கையில் ஒரு காலர் பாதி மடிப்பில் இருந்தது. காஜாக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள். ரேடியோக்கா மேலே வாசித்தாள். முப்பத்தெட்டுப் பெயர்களையும் வாசித்தாள். அடுத்த அத்தியாயமும் வாசித்தாள். காலை வாசிப்பு முடிந்து மைக்கை அணைத்தபோதுதான் சூப்பர்வைசர் பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸும் கையுமாக நிற்பதைப் பார்த்தாள்.

சாப்பாட்டு அறையில் அன்று யாரும் சண்டை போடவில்லை. காஜாக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து காலர் வரிசைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நாத்தனார் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். முப்பத்தெட்டில் பதினேழாவது பெயர் தன் சித்தப்பா என்று காஜாக்கா சொன்னாள். நாத்தனார் கேட்டுக்கொண்டாள்.

மாலையில் சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினான்.

"அக்கா, இருநூத்தி அறுபது சட்டை குறையுது."

"தம்பி, பாத்தீங்க இல்ல? பேசிக்கிட்டாங்க. ஒரே பெஞ்சுல உக்காந்து சாப்பிட்டாங்க."

"பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. நானே வேலைய விட்டுட்டு நின்னு கேட்டேன். அதுதான்கா பிரச்சினை."

எண் மேலே போய்விட்டது என்றான். முதலாளி போன் செய்துவிட்டார். பத்து நாளில் மிச்சம் இருப்பது இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் எண் ஏறாவிட்டால் பெட்டி வருகிறது, ஆர்டர்கூடக் கொடுத்தாகிவிட்டது என்றான். பிறகு தயங்கி, பேராசிரியர் புத்தகத்தையே எடுத்துவிடுங்கள் அக்கா, உங்களுக்காகத்தான் சொல்கிறேன் என்றான். அவன் உண்மையாகவே அவளுக்காகத்தான் சொன்னான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வீட்டில் கணவரும் அதையே சொன்னார். யாருக்கும் கேடில்லாத புத்தகம், வாசித்துவிட்டுப் போ என்றார். அவருக்குத் தட்டை வைத்துவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"கேக்கறதுக்கு லாயக்கில்லாத புத்தகத்தை வாசிச்சா வேலை இருக்கும். கேக்கற புத்தகத்தை வாசிச்சா வேலை போயிடும். இதுக்கு எதுக்குங்க ஒரு ஆளு, ஒரு மைக்கு?"

அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்று அவர் கேட்டார். அவள் பையிலிருந்து எடுத்து, மாவு மில்லைப் பற்றிய அத்தியாயத்தை வாசித்தாள். பத்து வரிக்குள் அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"சாப்பிடுங்க."

"நீ நிறுத்து, சாப்பிடறேன்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. சாப்பிட்டுக்கொண்டே கேட்க ஒரு மனுஷனால் முடியாதா? காது வேறு, கை வேறுதானே? கோபத்தில் நிறுத்தவும் இல்லை, நன்றாக வாசிக்கவும் இல்லை. மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்தி, ஏற்றமில்லாமல் இறக்கமில்லாமல், மருந்துக் கடையில் மருந்துச் சீட்டை வாசிப்பதுபோலக் கடகடவென்று வாசித்துக்கொண்டு போனாள். இரண்டு பக்கம் போயிற்று. நிமிர்ந்தால் தட்டு காலி. அவர் பாட்டுக்குச் சாப்பிட்டு முடித்திருந்தார். பார்த்தீர்களா, நான் வாசித்தது ஒன்றும் உங்கள் காதில் விழவில்லை என்று அவள் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் கழுவப் போனவர் திரும்பி நின்று கேட்டார்.

"ரெண்டு பக்கத்துக்கும் மாவு வித்தானே அந்த மில்லுக்காரன், அவனைக் கடைசியில சுட்டது யாரு?"

அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். தெரிந்துகொண்டது அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை மைக்கைப் போட்டாள். முற்றுகை அத்தியாயம். நகரத்துக்குள் நாற்பது நாள் தண்ணீர் வராத கதை. அதை எப்படி வாசிக்க வேண்டும் என்று அவளுக்கு ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. எந்த இடத்தில் குரல் இறங்க வேண்டும், எந்தச் சொல்லுக்கு முன்னால் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தது. ஒன்றையும் செய்யவில்லை. குரல் தானாக இறங்கப் போன இடத்தில் அதைப் பிடித்துத் தூக்கி நேராக வைத்தாள். குழந்தை செத்ததையும், குழாய்க்கு எத்தனை அங்குலம் என்பதையும் ஒரே மாதிரி வாசித்தாள்.

கூடம் அதை முதலில் நம்பவில்லை. மேலிடம் மிரட்டியிருக்கிறது என்று நினைத்தது. காலர் வரிசையிலிருந்து ஒரு பெடல் இறங்கியது. காஜா வரிசையிலும் இறங்கியது. அவள் குரலை உயர்த்தவில்லை. இரண்டு பக்கம் தாண்டியதும் சத்தம் தணிந்தது. ஆனால் நிற்கவில்லை. தையல் ஓடியது. அங்கங்கே ஒரு மிஷின் நின்று, ஒரு மூச்சு நேரம் கழித்துத் திரும்ப ஓடியது. யாரும் நிமிர்ந்து நாற்காலியைப் பார்க்கவில்லை. குனிந்த தலைகள் குனிந்தே இருந்தன.

சாப்பாட்டு வேளையில் காஜாக்காவும் நாத்தனாரும் சேர்ந்தே வந்தார்கள். சேர்ந்து வந்ததே சண்டைக்குத்தான்.

"என்ன வாசிப்பு இது?" என்றாள் காஜாக்கா. "செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? மளிகைச் சீட்டு மாதிரி வாசிச்சுட்டுப் போற."

"நேத்து காலர் மடிக்கவே மறந்துட்டேன் அண்ணி," என்றாள் நாத்தனார். "இன்னிக்கு உனக்கு என்ன கேடு? வாசிக்கத் தெரியாதவ மாதிரி."

ரேடியோக்கா தட்டை நகர்த்தினாள்.

"நேத்து மரியாதையா வாசிச்சேன். கை நின்னுபோச்சு. இன்னும் ஒரு நாள் கை நின்னா, நாளன்னிக்கு இங்க ஒரு பெட்டி இருக்கும், அதுல பாட்டு வரும். பேராசிரியர் வேணுமா, பெட்டி வேணுமா, இது வேணுமா? நீங்களே சொல்லுங்க. நான் வாசிக்கிறவதான்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியென்றால் வேலை முடிந்து ஒரு நாள் ஒழுங்காக வாசித்துக் காட்டு, என் வீட்டில் இடம் இருக்கிறது என்றாள் காஜாக்கா. துறைமுகத் தெருவுக்கு நாங்கள் எதற்கு வர வேண்டும் என்றாள் நாத்தனார். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றும் சொன்னாள். மலையேற எனக்கு முழங்கால் இல்லை என்றாள் காஜாக்கா. மலையேற முழங்கால் வேண்டாம், மனசு வேண்டும் என்றாள் நாத்தனார். குரல் ஏறியது. ரேடியோக்கா தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

மாலை வாசிப்புக்குச் சந்தைத் தெரு வந்தது. அது அவள் பிறந்த தெரு. காலையிலேயே பார்த்து வைத்திருந்தாள். தள்ளிப் போடலாமா என்று யோசித்தாள். வரிசைப்படி வாசித்துவிட்டு இதை மட்டும் தள்ளிப் போட்டால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். தொண்ணூறு பேர் என்று மற்ற புத்தகங்கள் எழுதியதை இந்தக் குமாஸ்தா எண்பத்தாறு என்று திருத்தியிருந்தாள். ஐம்பத்தொன்று துறைமுகம், முப்பத்தைந்து மலை. எந்தக் கடை, எந்த வாசல், எத்தனை மணி என்று எழுதியிருந்தாள். ரேடியோக்கா தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வாசித்தாள். பாத்திரக் கடை. தையற்கடை. பிறகு படிக்கட்டு இருக்கும் வீடு. அதில் நான்கு பேர். அந்த நான்கு பேரை அவளுக்குத் தெரியும். நான்கு என்று வாசித்தாள். அடுத்த வாசலுக்குப் போனாள்.

மிஷின்கள் ஓடின.

மணி அடிப்பதற்கு முன்னால் சூப்பர்வைசர் பலகையில் எண்ணை எழுதினான். குறையவில்லை, பதினான்கு கூடுதல். முகம் மலர்ந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தான். கடைசியில் கண்டுபிடித்துவிட்டீர்களே அக்கா, இதுதான் சரியான புத்தகம், எல்லோரும் கேட்கிறார்கள், ஒரு கையும் நிற்கவில்லை என்றான். எத்தனை நாள் வரும் என்று கேட்டான்.

இன்னும் நாலைந்து நாள் வரும் என்று அவள் சொன்னாள். அவனை அறையலாம் போலிருந்தது. அரைப் பக்கம் மிச்சம் இருந்தது. தொண்டையைச் செருமாமல், அதே குரலில், அதையும் வாசித்து முடித்தாள்.